எப்பவாவது ஒரு தடவ கிராஷ் ஆகுற டிவி ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்: மித்டிவி பேக்எண்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தினமும் நாலு தடவ கிராஷ் ஆகுற சாஃப்ட்வேர்னா பிரச்சன பெருசா இல்ல, எதையாவது மாத்தி பாத்தா சாயங்காலத்துக்குள்ள பலன் தெரிஞ்சிடும். பத்து நாளைக்கு ஒரு தடவ, அதுவும் எல்லாரும் தூங்குற நேரத்துல, எந்த காரணமும் சொல்லாம படுத்துக்குற சாஃப்ட்வேர் தான் உயிர வாங்கும். டிவி ரெக்கார்டிங்ல இது ரொம்பவே வலிக்கும், ஏன்னா மத்த சாஃப்ட்வேர் கிராஷ் ஆனா திரும்ப ஓப்பன் பண்ணிக்கலாம், ரெக்கார்டர் கிராஷ் ஆனா அந்த நேரத்துல போன நிகழ்ச்சி போனது தான். வீட்ல இருக்குறவங்க வாரக்கணக்கா பாத்துட்டு வந்த தொடரோட கடைசி எபிசோடா அது இருந்துச்சுன்னா அதுக்கப்புறம் அந்த பெட்டிய யாரும் நம்ப மாட்டாங்க.

இத மித்டிவிய வச்சு எழுதுறேன். 2002ல ஐசக் ரிச்சர்ட்ஸ் ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், லினக்ஸ்ல ஓடுறது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மாதிரி ஆன்டெனாலயே சேனல் எல்லாம் ஃப்ரீயா வர்ற நாடுகள்ல வீட்டு ரெக்கார்டரா நெறைய பேர் இன்னும் வச்சிருக்காங்க. ரெக்கார்ட் பண்றது பேக்எண்ட், டிவில காட்டுறது ஃப்ரன்ட்எண்ட், எல்லா கணக்கும் மரியாடிபி இல்லன்னா மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல இருக்கும். இதே மாதிரி இன்னொரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான டிவிஹெட்எண்ட் வச்சிருக்கவங்களுக்கும், டேட்டாபேஸ் பகுதியும் மித்டிவிக்கே உரிய கமாண்டுகளும் தவிர, மத்தது பெரும்பாலும் பொருந்தும்.

ஒரு விஷயத்த மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. கிராஷ் ஆனதுக்கு அப்புறம் தேட ஆரம்பிச்சா லேட். ஆகுறதுக்கு முன்னாடியே பொறி வச்சு, அடுத்த தடவ கையும் களவுமா பிடிக்கணும். மொத்தத்தையும் அழிச்சு புதுசா இன்ஸ்டால் பண்றது தான் எல்லாரும் முதல்ல செய்யுறது, அதால இருந்த தடயமும் போயிடும், மூணு வாரம் கழிச்சு அதே கிராஷ் திரும்ப வந்து நிக்கும்.

## செத்தது எது?

"கிராஷ் ஆயிடுச்சு"ன்னு பொதுவா சொல்றதுக்குள்ள அஞ்சு வேற வேற விஷயம் இருக்கு. பேக்எண்ட் ப்ராசஸ் செத்திருக்கலாம், சாகாம அப்படியே உறைஞ்சு போய் பதில் சொல்லாம இருக்கலாம், முழு கம்ப்யூட்டரே ஃப்ரீஸ் ஆகியிருக்கலாம், இல்ல தானா ரீபூட் ஆகியிருக்கலாம், இது எதுவுமே நடக்காம ட்யூனர், அதாவது ஆன்டெனா சிக்னல வாங்குற கருவி, மட்டும் காணாம போய் ரெக்கார்டிங் ஃபெயில் ஆகியிருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் தேடுற இடம் வேற, அதனால இத முடிவு பண்ணாம மேல போகாதீங்க.

முதல்ல அப்டைம் கமாண்ட் அடிங்க. கம்ப்யூட்டர் நேத்து ராத்திரி 2 மணிக்கு தான் ஆன் ஆச்சுன்னு காட்டுச்சுன்னா பேக்எண்ட் பக்கம் போகவே வேணாம், நேரா ஹார்ட்வேர் பகுதிக்கு போயிடுங்க. அப்டைம் 40 நாள்னு காட்டுது, ஆனா சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்ல (லினக்ஸ்ல சர்வீஸ்கள ஓட்டி கவனிக்கிற சிஸ்டம்டியோட கமாண்ட்) மித்டிவி பேக்எண்ட் சர்வீஸ் ஆரம்பிச்சு 5 மணி நேரம் தான் ஆச்சுன்னா ப்ராசஸ் மட்டும் செத்து திரும்ப எழுந்திருக்கு. ப்ராசஸ் பல நாளா ஓடிட்டே இருக்கு, ஆனா ஃப்ரன்ட்எண்ட் கனெக்ட் ஆகல, 6544 போர்ட்ல வர்ற பேஜும் திறக்கலன்னா அது ஹாங். இந்த கடைசி வகைய அவசரப்பட்டு ரீஸ்டார்ட் பண்ணிடாதீங்க, அதுக்கு தனியா ஒரு பகுதி கீழ இருக்கு.

இன்னொண்ணு, மித்காம்ஃப்ளாக், மித்ப்ரிவியூஜென் ரெண்டும் தனி ப்ராசஸ். விளம்பரம் தேடுறதும் குட்டிப்படம் எடுக்குறதும் இவங்க வேல. கெட்டுப்போன ஒரு ரெக்கார்டிங் ஃபைல படிக்கும்போது இதுங்க செத்தா பேக்எண்டுக்கு ஒண்ணும் ஆகாது. லாக்ல இதோட பேர பாத்துட்டு பேக்எண்ட் கிராஷ்னு நினைச்சு நாள் கணக்கா தேடுறவங்க இருக்காங்க.

## முதல்ல ரெக்கார்டிங்க காப்பாத்துங்க

காரணம் தெரிய வாரக்கணக்குல ஆகும். அது வரைக்கும் வீட்ல யாரும் நிகழ்ச்சிய இழக்கக்கூடாது. சிஸ்டம்சிடிஎல் எடிட் கமாண்ட்ல பேக்எண்ட் சர்வீஸுக்கு ஒரு ஓவர்ரைடு (மூல செட்டிங்குக்கு மேல நாம போடுற மாற்றம்) போட்டு, ரீஸ்டார்ட் செட்டிங்க ஆல்வேஸ்னும் ரீஸ்டார்ட்செக் செட்டிங்க 10ன்னும் வைங்க. உங்க டிஸ்ட்ரோ பேக்கேஜ்ல இது ஏற்கனவே இருக்கலாம், பாத்துக்கோங்க. செத்தா 10 செகண்டுல திரும்ப எழும், நடந்துட்டு இருக்குற நிகழ்ச்சிய மீதி இருக்குற இடத்துலேர்ந்து இன்னொரு ஃபைலா எடுக்க ஆரம்பிச்சிடும். நடுவுல அரை நிமிஷம் போகும், முழு நிகழ்ச்சி போகாது.

10 செகண்ட் இடைவெளி வேணும்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. ட்யூனர் டிவைஸ கெர்னல் (லினக்ஸோட மையப்பகுதி) விடுவிக்க கொஞ்ச நேரம் எடுக்கும், உடனே எழுந்தா ட்யூனர் பிஸின்னு சொல்லி மறுபடி ஃபெயில் ஆகும். அதுவும் போக சிஸ்டம்டி டீஃபால்ட்ல 10 செகண்டுக்குள்ள 5 தடவ ஸ்டார்ட் ஆச்சுன்னா போதும்னு நிறுத்திடும், அப்புறம் காலைல நீங்க பாக்குற வரைக்கும் எழவே எழாது.

ஆனா ஆட்டோ ரீஸ்டார்ட் போட்டதும் பிரச்சன கண்ணுக்கு தெரியாம போயிடும், அதான் ஆபத்து. அதனால ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் உங்களுக்கு ஒரு மெயிலோ மெசேஜோ வர்ற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட சர்வீஸோட எக்ஸெக்ஸ்டாப்போஸ்ட்ல மாட்டி விடுங்க. அந்த இடத்துல சிஸ்டம்டி எக்ஸிட் ஸ்டேட்டஸ் என்வைரன்மென்ட் வேரியபிளாவும் குடுக்கும், எந்த சிக்னல்ல செத்துச்சுன்னு மெசேஜ்லயே வந்துடும்.

## பொறி வைக்கிறது

இங்க தான் நிதானமா உக்காந்து ஒரு மணி நேரம் செலவு பண்ணணும். இந்த ஒரு மணி நேரம் பின்னாடி மூணு மாசத்த மிச்சப்படுத்தும்.

முதல்ல ஜர்னல். சில சிஸ்டம்ல சிஸ்டம்டி ஜர்னல் மெமரில மட்டும் இருக்கும், ரீபூட் ஆனா போச்சு. வார் லாக் கீழ ஜர்னல்னு ஒரு ஃபோல்டர் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஜர்னல்டி கான்ஃபிக்ல ஸ்டோரேஜ பெர்சிஸ்டன்ட்னு மாத்துங்க. இது இருந்தா தான் ஜர்னல்சிடிஎல் கமாண்டுக்கு மைனஸ் பி மைனஸ் 1 குடுத்து போன பூட்டோட கடைசி வரிகள பாக்க முடியும். முழு மெஷினே செத்த கேஸ்ல உங்க கைல இருக்குறது அந்த கடைசி வரிகள் மட்டும் தான்.

ரெண்டாவது கோர் டம்ப். ப்ராசஸ் சாகுற நொடில அதோட மெமரிய அப்படியே ஃபைலா எடுத்து வைக்கிறது. சிஸ்டம்டி-கோர்டம்ப் பேக்கேஜ இன்ஸ்டால் பண்ணுங்க. உபுண்டுல டீஃபால்ட்டா அப்போர்ட் இந்த வேலைய பாக்கும், அதோட ரிப்போர்ட் வார் கீழ கிராஷ் ஃபோல்டர்ல விழும், ஆனா நீங்களே சோர்ஸ்லேர்ந்து கம்பைல் பண்ண மித்டிவினா அப்போர்ட் கண்டுக்காது, அதனால சிஸ்டம்டியோடது தான் நிம்மதி. இன்ஸ்டால் பண்ணிட்டு சும்மா விடாதீங்க, வேல செய்யுதான்னு சோதிங்க: ஒரு ஸ்லீப் ப்ராசஸ ஓட விட்டு அதுக்கு கில் கமாண்ட்ல சிக்னல் 11 அனுப்புங்க, கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்ல அது வரணும். வரலன்னா இப்பவே சரி பண்ணுங்க, ஏன்னா அடுத்த கிராஷுக்கு பத்து நாள் காத்திருந்து அப்புறம் டம்ப் விழலன்னு தெரிஞ்சா அவ்வளவு கஷ்டமா இருக்கும். இந்த டம்ப் ஃபைல்கள சிஸ்டம்டி கொஞ்ச நாள்ல தானாவே அழிச்சிடும், விழுந்ததும் வேற இடத்துக்கு காப்பி எடுத்து வைங்க.

கூடவே மித்டிவிக்கும் அது பயன்படுத்துற க்யூட்டி லைப்ரரிக்கும் டீபக் சிம்பல் பேக்கேஜ போட்டுடுங்க. அது இல்லாம எடுக்குற பேக்ட்ரேஸ்ல, அதாவது சாகும்போது எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டுச்சுன்னு காட்டுற பட்டியல்ல, எல்லாமே கேள்விக்குறியா தான் வரும், யாராலயும் எதுவும் சொல்ல முடியாது.

மூணாவது லாக் அளவு. எல்லாத்தையும் டீபக்ல வச்சா டிஸ்க் ரொம்பும், லாக் எழுதுறதே ஒரு லோடா மாறி டைமிங் மாறிப்போய் கிராஷ் ஒளிஞ்சுக்கும். ரெக்கார்ட், சேனல் ரெண்டு வெர்போஸ் மட்டும் ஆன் பண்ணுங்க போதும். ஓடிட்டு இருக்குற பேக்எண்டுக்கே செட்வெர்போஸ் ஆப்ஷன் மூலமா மாத்தலாம், ரீஸ்டார்ட் வேணாம். மித்டிவி லாக்ல ஒவ்வொரு வரிலயும் நேரம், ஐ, டபிள்யூ, இ மாதிரி ஒரு எழுத்துல தீவிரம், ப்ராசஸ் நம்பர், த்ரெட் (ப்ராசஸுக்குள்ள தனியா ஓடுற ஒரு வேல) பேர், சோர்ஸ் ஃபைல் பேரும் வரி நம்பரும் இருக்கும். செத்த இடத்துல கடைசி இ வரிய மட்டும் பாக்காதீங்க, கடைசி 2 நிமிஷத்துல எந்த த்ரெட் பேச்ச நிறுத்துச்சுன்னு பாருங்க.

நாலாவது, நான் ரொம்ப நம்புறது, 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலய ஓட்டுறது) ஓடுற ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ப்ராக் ஃபோல்டர்ல பேக்எண்ட் ப்ராசஸோட ஸ்டேட்டஸ் ஃபைல்லேர்ந்து விஎம்ஆர்எஸ்எஸ் (எவ்வளவு ரேம் பிடிச்சிருக்கு), த்ரெட் எண்ணிக்கை, எஃப்டி ஃபோல்டர்ல எத்தன ஃபைல் திறந்திருக்கு, மொத்தமா எவ்வளவு மெமரி மிச்சம், ரெக்கார்டிங் டிஸ்க்ல எவ்வளவு இடம், சிபியு சூடு எவ்வளவு, இவ்வளவு தான், நேரத்தோட ஒரு வரியா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல சேந்துட்டே போகட்டும். கிராஷுக்கு முன்னாடி இருந்த 3 நாள ஒரு தடவ கண்ண ஓட்டினாலே பாதி சந்தேகம் தீந்துடும்.

## நேரத்த எழுதி வைங்க

ஒரு நோட்டுல கிராஷ் ஆன நேரம், அப்ப எத்தன ரெக்கார்டிங் ஓடுச்சு, எந்த ட்யூனர், பேக்எண்ட் எழுந்து எத்தன மணி நேரம் ஆச்சுன்னு எழுதுங்க. மூணு வரி சேந்ததும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

மணி அடிக்கும்போதோ அரை மணிலயோ ஆச்சுன்னா ரெக்கார்டிங் ஆரம்பிக்கிற, முடியுற இடம், அதாவது ட்யூனர திறக்குற மூடுற கோடு, இல்லன்னா அந்த நொடில கூடுற கரென்ட் இழுப்பு. காலைல 6 மணிலேர்ந்து 7 மணிக்குள்ளன்னா டெபியன் உபுண்டுல ஆட்டோ அப்டேட் ஓடுற நேரம், ஏப்டி லாக்ல அன்னிக்கு மரியாடிபி அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆச்சான்னு பாருங்க. திங்கக்கிழம நள்ளிரவுல, எஸ்எஸ்டில காலியான இடத்த சுத்தம் பண்ற எஃப்எஸ்ட்ரிம் ஓடும். ரெய்டு (பல டிஸ்க்க ஒண்ணா சேத்தது) வச்சிருந்தா டெபியன்ல மாசத்தோட முதல் ஞாயித்துக்கிழம ராத்திரி முழு டிஸ்க்கையும் படிச்சு சரிபாக்குற வேல ஆரம்பிக்கும், பல மணி நேரம் ஓடும், "மாசத்துக்கு ஒரு தடவ மட்டும் கிராஷ்"னு சொல்றவங்க முதல்ல பாக்க வேண்டியது இது தான். க்ரான் லிஸ்டையும் சிஸ்டம்டி டைமர் லிஸ்டையும் ஒரு தடவ பிரிண்ட் பண்ணி நோட்டு பக்கத்துல வச்சுக்கிட்டீங்கன்னா ஒப்பிட்டு பாக்க சுலபமா இருக்கும்.

எந்த மணிக்கும் சம்பந்தம் இல்லாம, ஆனா எப்பவும் எழுந்து 9, 10 நாள்ல ஆகுதுன்னா எதோ ஒண்ணு மெதுவா தீந்துட்டே வருது, மெமரியோ ஃபைல் ஹேண்டிலோ. ஸ்கிரிப்ட் எழுதி வச்ச ஃபைல்ல விஎம்ஆர்எஸ்எஸ் ஏறிட்டே போகுதா, எஃப்டி எண்ணிக்கை 1024 பக்கத்துல போய் நிக்குதான்னு பாருங்க, பல சிஸ்டம்ல ஒரு ப்ராசஸுக்கு டீஃபால்ட் எல்லை அந்த 1024 தான். ஏறுற வேகம் எந்த வேலையோட ஒத்துப்போகுதுன்னு பாக்கணும். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் கொஞ்சம் ஏறி அப்புறம் இறங்கவே இல்லன்னா அது ரெக்கார்டர் பக்கம், யாரும் டிவி பாக்காத, எதுவும் ரெக்கார்ட் ஆகாத மத்தியானத்துலயும் சீரா ஏறுதுன்னா ஈஐடி ஸ்கேன், அதாவது காத்துல வர்ற நிகழ்ச்சி அட்டவணைய படிக்கிற வேல பக்கம் சந்தேகப்படலாம்.

## எப்படி செத்துச்சு: சிக்னல படிக்கிறது

சிக்னல் 9, எக்ஸிட் கோடு 137ன்னா பேக்எண்ட் தானா சாகல, யாரோ கொன்னாங்க. அனேகமா கெர்னலோட ஓஓஎம் கில்லர், மெமரி தீந்தா ப்ராசஸ கொல்றது அது தான். டிமெசேஜ்ல, அதாவது கெர்னல் லாக காட்டுற கமாண்ட்ல, "அவுட் ஆஃப் மெமரி"ன்னு வரியும், எந்த ப்ராசஸ கொன்னுச்சுங்கறதும் இருக்கும். ஆனா கொல்லப்பட்டவன் தான் குத்தவாளின்னு இல்ல, அதே லாக்ல எல்லா ப்ராசஸோட மெமரி அளவும் டேபிளா வரும், அதுல யாரு அதிகமா தின்னதுன்னு பாருங்க. 4 ஜிபி ரேம் உள்ள பெட்டில காம்ஃப்ளாக் மூணு ஒரே நேரத்துல ஓடுனாலே பேக்எண்ட் பலியாக வாய்ப்பு இருக்கு.

சிக்னல் 6, கோடு 134ன்னா ப்ரோக்ராமே "இப்படி இருக்கவே கூடாது"ன்னு தன்னத்தானே நிறுத்திக்கிச்சு. இதுக்கு முந்தின வரில பெரும்பாலும் காரணம் எழுதியிருக்கும், சிஸ்டம் ஜர்னல்லயும் பாருங்க, மித்டிவி லாக்ல மட்டும் தேடாதீங்க. மெமரி அலகேட்டர் புகார் குடுத்திருந்தா, அதாவது ஃப்ரீ பண்ணத திரும்ப ஃப்ரீ பண்ணிட்டாங்கன்னோ ஹீப் (ப்ரோக்ராம் கேட்டு வாங்குற மெமரி) கெட்டுப்போச்சுன்னோ வந்திருந்தா, செத்த இடத்துக்கும் தப்பு நடந்த இடத்துக்கும் ரொம்ப தூரம் இருக்கலாம்.

சிக்னல் 11, கோடு 139. செக்மென்டேஷன் ஃபால்ட். இதுல கெர்னல் லாக்ல ஒரே ஒரு வரி வரும், அந்த வரிய நிறுத்தி படிச்சா நெறைய சொல்லும். "செக்ஃபால்ட் அட் 18, எரர் 4, இன் லிப்மித்டிவி"ன்னு வந்திருக்குன்னு வைங்க. 18ங்கறது தொட பாத்த மெமரி முகவரி. இவ்வளவு சின்ன நம்பர்னா காலியா இருந்த ஒரு பாயிண்டர்லேர்ந்து (மெமரி முகவரிய வச்சிருக்குற வேரியபிள்) 18 தள்ளி இருந்தத எடுக்க போயிருக்கு, அப்படின்னா கோடுல எங்கயோ செக் பண்ணாம விட்டிருக்காங்க, இது சாஃப்ட்வேர் பக் தான்னு கிட்டத்தட்ட அடிச்சு சொல்லலாம். எரர் 4ன்னா படிக்கும்போது, 6ன்னா எழுதும்போது. முகவரி நீளமா அர்த்தமே இல்லாம இருந்துச்சுன்னா ஏற்கனவே விடுவிச்ச மெமரிய தொட்டிருக்கலாம், இல்ல ரேமே கெட்டிருக்கலாம்.

இத எப்படி பிரிக்கிறது? மூணு கிராஷோட பேக்ட்ரேஸ பக்கத்துல பக்கத்துல வைங்க. கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி குடுத்து, உள்ள போனதும் "த்ரெட் அப்ளை ஆல் பிடி ஃபுல்"னு அடிச்சு ஃபைலா சேமிங்க. மேல இருக்குற ஃப்ரேம்கள் பெரும்பாலும் சி லைப்ரரியும் க்யூட்டியும் தான், அத தாண்டி கீழ இறங்கி முதல்ல வர்ற மித்டிவி ஃபங்ஷன் பேர குறிச்சுக்கோங்க. மூணுலயும் அதே ஃபங்ஷன்னா சாஃப்ட்வேர். ஒரு தடவ ஷெட்யூலர்ல, ஒரு தடவ டேட்டாபேஸ் லைப்ரரில, ஒரு தடவ சம்பந்தமே இல்லாத ஸ்ட்ரிங் காப்பில, நடுவுல வேற ஏதோ ப்ரோக்ராமும் செத்திருக்குன்னா சாஃப்ட்வேர தேடுறத நிறுத்திட்டு ஸ்க்ரூ ட்ரைவர எடுங்க. என் அனுபவத்துல இந்த ஒரே ஒரு ஒப்பீடு மத்த எல்லா வேலையையும் விட அதிக நேரத்த மிச்சப்படுத்தும்.

## ஹார்ட்வேர்

ரேமுக்கு மெம்டெஸ்ட்86+. 2022ல வந்த 6ஆம் வெர்ஷன்லேர்ந்து யுஇஎஃப்ஐ மெஷின்லயும் ஓடும். ஒரு பாஸ் ஓட்டிட்டு நல்லாருக்குன்னு விடாதீங்க, ராத்திரி முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த ஸ்டிக்க மாத்துங்க, "ஒண்ணு தானே"ன்னு சமாதானம் கிடையாது, எப்பவாவது வர்ற கிராஷுக்கு எப்பவாவது வர்ற எரர் தான் காரணமா இருக்கும்.

டிஸ்குக்கு ஸ்மார்ட்சிடிஎல். 5, 197, 198 நம்பர் அட்ரிபியூட்கள்ல சைபர் தவிர வேற ஏதாவது ஏறிட்டு வந்தா டிஸ்க் போகப்போகுது. 199, சிஆர்சி எரர் மட்டும் ஏறுதுன்னா டிஸ்க்க தூக்கி போடாதீங்க, முதல்ல சாட்டா கேபிள மாத்துங்க. டிஸ்க் சாகலனாலும் மெதுவாகுறது போதும்: அமெரிக்க டிஜிட்டல் டிவி முறையான ஏடிஎஸ்சில சேனல் ஒண்ணு அதிகபட்சம் 19.39 எம்பிபிஎஸ், மணிக்கு 8.7 ஜிபி வரைக்கும், நாலு ரெக்கார்டிங் ஒண்ணா ஓடும்போது விளம்பரம் தேடுறவன் அஞ்சாவதா படிச்சுட்டு இருக்கான்னா எஸ்எம்ஆர் டிஸ்க் (தடங்கள ஒண்ணு மேல ஒண்ணு படுற மாதிரி எழுதுறது) சில நேரம் பல செகண்ட் அப்படியே நிக்கும். அப்ப மித்டிவி லாக்ல த்ரெடட் ஃபைல் ரைட்டர்லேர்ந்து பஃபர் எல்லைய தாண்டிடுச்சு, ஃபைல் பாதில வெட்டப்படும்னு எச்சரிக்கை வரும். அந்த வரி இருந்தா ரெக்கார்டிங்குக்குன்னு தனியா ஒரு சிஎம்ஆர் டிஸ்க் (தடங்கள தனித்தனியா எழுதுறது) வைங்க, டேட்டாபேஸ எஸ்எஸ்டிக்கு மாத்துங்க.

கரென்ட் தான் இருக்குறதுலயே ஏமாத்துற விஷயம், அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். யுஎஸ்பி 2 போர்ட் ஸ்பெக் படி 500 மில்லிஆம்பியர் தரும், யுஎஸ்பி 3 போர்ட் 900. ரெண்டு ட்யூனர் ஸ்டிக்கையும் ஒரு பவர் இல்லாத ஹப்புல மாட்டி அத ஒரே போர்ட்ல சொருகி இருப்பாங்க. தினமும் ஒரு ட்யூனர் தான் ஓடும், எல்லாம் நல்லாருக்கும். வாரத்துல ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு ரெண்டு சேனல்ல ஒரே நேரத்துல நிகழ்ச்சி இருக்கும், ரெண்டு ஸ்டிக்கும் ஒண்ணா எழும், வோல்டேஜ் ஒரு நொடி சரியும். டிமெசேஜ்ல பாத்தா 21:00:02க்கு "யுஎஸ்பி டிஸ்கனெக்ட்"னு ஒரு வரி, அடுத்த செகண்ட்ல புது டிவைஸ் நம்பரோட திரும்ப வந்த வரி, அதுக்கு அடுத்து மைனஸ் 71 எரர் வரிசையா. மித்டிவி லாக்ல அதே நேரத்துல டிவைஸ படிக்க முடியலன்னு இருக்கும். பேக்எண்ட் செத்தது விளைவு, காரணம் ஹப். நிகழ்ச்சி அட்டவணை மாறுற வாரத்துல கிராஷும் நின்னுடும், அதனால தான் பலருக்கு பிடிபடவே மாட்டேங்குது. சொந்த அடாப்டர் உள்ள ஹப் வாங்கி ட்யூனர்கள அதுல மாட்டுங்க, யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட கெர்னல் பாராமீட்டர்ல மைனஸ் 1 குடுத்து ஆஃப் பண்ணுங்க.

ராஸ்ப்பெரி பைல ஓட்டுறவங்க விசிஜென்சிஎம்டி கமாண்ட்ல கெட் த்ராட்டில்ட் பாருங்க. 0x0 வரணும். 0x50000ன்னு வந்தா பூட் ஆனதுலேர்ந்து ஒரு தடவயாவது வோல்டேஜ் இறங்கியிருக்கு, த்ராட்டில் ஆகி வேகம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், ஃபோன் சார்ஜர கழட்டிட்டு அந்த மாடலுக்குன்னு வர்ற அடாப்டர போடுங்க, பை 4க்கு 5.1 வோல்ட் 3 ஆம்பியர், பை 5க்கு 5 ஆம்பியர். பழைய பிசின்னா எஸ்எம்பிஎஸ கழட்டி உள்ள கெப்பாசிட்டர் தல உப்பியிருக்கான்னு பாக்குறவங்க உண்டு, பிளக்க பிடுங்கினாலும் உள்ள சார்ஜ் இருக்கும், அதனால திறக்காதீங்க, வேற ஒண்ண கடன் வாங்கி மாட்டி பாக்குறது தான் சரி.

மெஷின் லாக்ல எதுவுமே எழுதாம ஃப்ரீஸ் ஆகுதுன்னா நெட்கன்சோல் போடுங்க, கெர்னல் மெசேஜ டிஸ்குக்கு பதிலா நெட்வொர்க்ல இன்னொரு கம்ப்யூட்டருக்கு யுடிபில அனுப்பிடும். டிஸ்க் கன்ட்ரோலரே செத்தாலும் கடைசி வார்த்த அங்க பதிவாகி இருக்கும்.

## டேட்டாபேஸ்

மித்டிவி டேபிள்கள் பல வருஷமா மைஐசாம் ஃபார்மேட்ல இருந்தது, பழைய இன்ஸ்டால அப்டேட் பண்ணிட்டே வந்தவங்களுக்கு இன்னும் அப்படியே இருக்கும். கரென்ட் பட்டுன்னு போனா மைஐசாம் டேபிள் "கிராஷ்ட், ரிப்பேர் பண்ணணும்"னு குறி வாங்கிடும். ரெக்கார்டட்சீக் தான் பெரும்பாலும் இருக்குறதுலயே பெரிய டேபிள், அதனால அதிகமா அடிபடுறதும் அது தான். அறிகுறி எப்படி இருக்கும்னா குறிப்பிட்ட சில ரெக்கார்டிங்க தொடும்போது மட்டும் பிரச்சன வரும்.

முதல்ல மித்கன்வெர்க் பேக்கப் ஸ்கிரிப்ட ஓட்டுங்க, பேக்கப் ஃபைல வேற டிஸ்க்ல வைங்க, அப்புறம் பேக்எண்ட நிறுத்திட்டு மைஎஸ்க்யூஎல்செக்ல எல்லா டேபிளையும் சரிபாருங்க, ரிப்பேர் வேணும்னா பண்ணுங்க. லாக்ல "சர்வர் ஹேஸ் கான் அவே"ன்னு வந்திருந்தா அந்த நேரத்துல டேட்டாபேஸ் சர்வர் ரீஸ்டார்ட் ஆச்சான்னு அதோட ஜர்னல்ல பாருங்க. ஆட்டோ அப்டேட் தான் காரணம்னா அப்டேட்ட நிறுத்த வேணாம், ரெக்கார்டிங் இல்லாத நேரத்துக்கு அந்த டைமர தள்ளி வைங்க.

## சிக்னல் கெட்டு வர்ற டேட்டா

காத்துல வர்ற ட்ரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் எப்பவும் சுத்தமா இருக்காது. ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட் ஆன் ஆகும்போது, பாய்லர் பத்திக்கும்போது, பழைய மோட்டர்பைக் ஜன்னல் பக்கம் போகும்போது ஒரு நொடி சத்தம் கலந்து சில பாக்கெட் சிதஞ்சுபோய் வரும். படம் ஒரு கணம் கட்டம் கட்டமா உடையும், அவ்வளவு தான். ஆனா அதே நொடில அட்டவணை டேபிள் ஒண்ணு சிதஞ்சு வந்து, சிஆர்சி செக்கையும் (டேட்டா கெட்டிருக்கான்னு பாக்குறது) தாண்டி, அத படிச்சு பிரிக்கிற பார்சர்கிட்ட போச்சுன்னா பார்சர் எழுதினவங்க எதிர்பாக்காத நீளம், எதிர்பாக்காத மதிப்பு எல்லாம் வரும். பேக்ட்ரேஸ்ல ஈஐடி, பிஎஸ்ஐபி (சேனல், அட்டவணை விவரம் வர்ற டேட்டா), டேபிள் மாதிரி பேர் வந்தா இந்த பக்கம் சந்தேகப்படுங்க.

சோதிக்க ரெண்டு வழி. அந்த ட்யூனருக்கு ஈஐடி ஸ்கேன ஆஃப் பண்ணிட்டு, காத்துக்கு பதிலா இன்டர்நெட்லேர்ந்து எக்ஸ்எம்எல்டிவி மூலமா அட்டவணைய எடுத்து பாருங்க. இன்னொண்ணு ஆன்டெனா கேபிள நல்ல ஷீல்டு உள்ளதா மாத்துறது, ட்யூனர் பக்கத்துல இருக்குற பழைய மெல்லிசான கேபிள் தான் பல வீட்ல சத்தத்த உள்ள விடுது. ஆன்டெனா ஆம்ப்ளிஃபையர் போட்டா எல்லாம் சரியாகும்னு நினைக்காதீங்க, டவருக்கு கிட்ட இருக்குறவங்களுக்கு அது ட்யூனர ஓவர்லோட் பண்ணி இன்னும் மோசமாக்கும்.

## ஹாங் ஆச்சுன்னா

ப்ராசஸ் உயிரோட இருக்கு, பதில் இல்ல. ரீஸ்டார்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம். ஜிகோர் கமாண்ட ப்ராசஸ் நம்பரோட ஓட்டி டம்ப் எடுங்க, அதுக்கப்புறம் ரீஸ்டார்ட் பண்ணிக்கோங்க. பேக்ட்ரேஸ்ல பல த்ரெட் மியூடெக்ஸ் லாக்குக்கு (ஒரு நேரத்துல ஒரு த்ரெட்ட மட்டும் உள்ள விடுற பூட்டு) காத்துட்டு நிக்கும், எந்த த்ரெட் லாக்க கைல வச்சுக்கிட்டு வேற எதுக்கோ காத்திருக்குன்னு தேடுங்க. அது டேட்டாபேஸ் பதிலுக்கா, டிஸ்க் ரைட்டுக்கா, ட்யூனர் டிரைவருக்கான்னு ஃபங்ஷன் பேர்லயே தெரியும். பிஎஸ் லிஸ்ட்ல டி நிலைல மாட்டிக்கிட்ட த்ரெட் இருந்தா கெர்னல்ல, அதாவது டிஸ்க்லயோ டிரைவர்லயோ சிக்கியிருக்கு, மித்டிவிய குத்தம் சொல்லி பிரயோஜனம் இல்ல.

## ஒண்ணு மாத்துங்க, காத்திருங்க

சந்தேகம் ஒண்ணு முடிவாச்சுன்னா அத மட்டும் மாத்துங்க. கேபிளும் மாத்தி, ரேமும் மாத்தி, மித்டிவியும் அப்டேட் பண்ணிட்டா நின்னது எதாலன்னு தெரியாது, திரும்ப வந்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

எவ்வளவு நாள் காத்திருக்கணும்ங்கறது தான் பெரும்பாலானவங்க கோட்டை விடுற இடம். சராசரியா 10 நாளைக்கு ஒரு தடவ, எந்த ஒழுங்கும் இல்லாம ஆகுற கிராஷ்னு வைங்க. நீங்க எதையுமே சரி பண்ணலனாலும் 10 நாள் கிராஷ் இல்லாம ஓட 37 சதவீதம் வாய்ப்பு இருக்கு. 20 நாள் ஓட 13, 14 சதவீதம். 30 நாள் ஓடினா தான் அந்த வாய்ப்பு 5 சதவீதத்துக்கு இறங்கும். அதனால சராசரி இடைவெளிய 3ஆல பெருக்கி அவ்வளவு நாள் ஓடினா மட்டும் சரியாச்சுன்னு நம்புங்க. ரெண்டு வாரத்துல "தீந்துடுச்சு"ன்னு சொல்லிட்டு மூணாவது வாரம் திரும்ப வர்றவங்க அத்தன பேர் இருக்குறதுக்கு இந்த கணக்கு தான் காரணம்.

ஒரு மாசம் காத்திருக்க முடியலன்னா இடைவெளிய சுருக்குங்க. கிராஷ் ரெக்கார்டிங் ஆரம்பிக்கிற நேரத்துல தான் வருதுன்னு நோட்டு சொல்லுதா? ஒரு நாளைக்கு 4 ரெக்கார்டிங்னா 10 நாளைக்கு 40 ஆரம்பம், அதாவது 40 தடவைக்கு ஒரு கிராஷ். மேனுவல் ரெக்கார்டிங் ரூல் போட்டு 5 நிமிஷ ரெக்கார்டிங்க எல்லா ட்யூனர்லயும் மாத்தி மாத்தி, நாளைக்கு 100 வர்ற மாதிரி ஓட்டினா அதே கிராஷ் சராசரியா 10 மணி நேரத்துக்கு ஒரு தடவ வந்து நிக்கும். ரேடியோ சேனல்ல போட்டா டிஸ்க் இடமும் தேவப்படாது, பழச தானா அழிக்கிற ஆட்டோ எக்ஸ்பையர் மட்டும் அந்த ரூலுக்கு ஆன்ல இருக்கட்டும். மெமரி தீர்ற வகைன்னா ஈஐடி ஸ்கேன் இடைவெளிய குறைச்சு பாருங்க.

## சாஃப்ட்வேர் பக்னு முடிவானா

முதல்ல உங்க வெர்ஷன் கிளைல வந்த புது ஃபிக்ஸ்கள போட்டு பாருங்க, மித்டிவில ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ஃபிக்ஸஸ் கிளை தனியா இருக்கு, அதே வெர்ஷன் நம்பர்லயே புது பில்டு கிடைக்கும். வெர்ஷன் 34, 35ன்னு அடுத்த பெரிய வெர்ஷனுக்கு தாவுறது வேற விஷயம், அப்ப டேட்டாபேஸ் அமைப்பே மாறும், பழைய வெர்ஷனுக்கு திரும்பணும்னா பழைய பேக்கப்ப ரீஸ்டோர் பண்றத தவிர வழி இல்ல, அதனால பேக்கப் எடுத்து அது திறக்குதான்னும் பாத்துட்டு தான் தொடணும்.

அப்பவும் வருதுன்னா டெவலப்பர்களுக்கு ரிப்போர்ட் எழுதுங்க. அவங்க ஓய்வு நேரத்துல பாக்குறவங்க, அதனால அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே குடுங்க: மித்பேக்எண்ட் வெர்ஷன் ஆப்ஷன் குடுத்தா வர்ற முழு அவுட்புட், எல்லா த்ரெட்டோட பேக்ட்ரேஸ், கிராஷுக்கு முந்தின அஞ்சு பத்து நிமிஷ லாக் வெட்டாம, ட்யூனர் மாடலும் எந்த நாட்டு ஒளிபரப்புங்கறதும், எத்தன நாளைக்கு ஒரு தடவ வருது, எத மாத்தி பாத்தீங்க, எது பலன் தரல. கோர் டம்ப் ஃபைல மட்டும் பொதுவுல போடாதீங்க, அதுல டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் உட்பட மெமரில இருந்த எல்லாம் இருக்கும். பேக்ட்ரேஸயும் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாஸ்வேர்ட் தேடி பாத்து அழிச்சிடுங்க. சிதஞ்ச ஸ்ட்ரீம்னு சந்தேகம் இருந்தா அந்த நேரத்துல எடுத்துட்டு இருந்த ரெக்கார்டிங் ஃபைல அழியாம எடுத்து வைங்க, ஆட்டோ எக்ஸ்பையர் அத தூக்கிடாம இருக்க வேற டிஸ்குக்கு காப்பி பண்ணிடுங்க, கேட்டா அந்த சில நொடிய வெட்டி அனுப்பலாம்.